இருபது டன்னும் ஐந்து சங்கிலியும்

நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தரையோடு தரையாகத் தாழ்ந்த நீளமான ட்ரெய்லர் ஒன்று இடது ஓரமாக ஊர்ந்துகொண்டிருக்கும். அதன் முதுகில் மண் தோண்டும் பெரிய இயந்திரம் ஒன்று, கையை மடக்கிக்கொண்டு தூங்கும் யானை மாதிரி படுத்திருக்கும். பஸ் டிரைவர் ஒரு நீள ஹாரன் அடித்து ஓவர்டேக் செய்வார். ஜன்னலோரப் பயணி இரண்டு நொடி பார்த்துவிட்டு மறுபடி செல்போனுக்குத் திரும்பிவிடுவார்.

அது ஏன் கீழே விழாமல் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவ்வளவு எடை இருந்தால் அந்த எடையே அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் பலரின் நினைப்பு. டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு முடித்த அந்தப் பையனும் 2023 மே மாதம் வரை அப்படித்தான் நினைத்திருந்தான். பரீட்சையில் உராய்வு பற்றி பத்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவன்தான் :-)

லீவில் வீட்டில் படுத்துக்கொண்டு செல்போனை நோண்டுவதற்கு மாமாவோடு ஒரு நடை போய்விட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சங்ககிரிக்காரர். சங்ககிரியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் லாரியோடு எந்த உறவும் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாமா 17 வயதில் கிளீனராக ஏறியவர். இப்போது லோ பெட் ஓட்டுகிறார். வண்டி சொந்தம் இல்லை, சம்பளம்தான். ஆனால் சங்கிலிகள் மட்டும் அவருடையவை. முதலாளி வாங்கித் தந்த சங்கிலியை அவர் தொடுவதில்லை. இந்த விஷயத்தில் அவருக்கும் முதலாளிக்கும் பல வருடமாகப் பேச்சு உண்டு.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல் குவாரியிலிருந்து இருபது டன் மிஷின் ஒன்றை ஏற்றி, சேலம் தாண்டி ஒரு கட்டட வேலைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். இதுதான் லோடு. தமிழ்நாட்டில் இந்த மிஷினுக்குப் பெயர் பொக்லைன். பொக்லைன் என்பது உண்மையில் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர். மிஷினை ஜப்பான்காரன் செய்தாலும் கொரியாக்காரன் செய்தாலும் நம் ஊரில் அது பொக்லைன்தான். டயர் வைத்திருந்தால் ஜேசிபி. இரும்புப் பட்டையில் ஊர்ந்து போனால் 'செயின் மிஷின்' என்றும் சொல்வார்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். மிஷினின் காலும் செயின், அதைக் கட்டுவதும் செயின். அதனால் காலை செயின் என்றும் கட்டுவதை சங்கிலி என்றும் வைத்துக்கொள்ளலாம். மாமாவும் அப்படித்தான் பிரித்துப் பேசுவார்.

காலை ஏழு மணிக்கே குவாரியில் சூப்பர்வைசர் அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டார். மதியத்துக்குள் மிஷின் அங்கே இறங்கியாக வேண்டுமாம். மாமா அதற்கு ஒன்றும் சொல்லாமல் பையனிடம் ஒரு கடப்பாரையைக் கொடுத்தார்.

"மாப்ள, செயின்ல இருக்கற மண்ணையெல்லாம் குத்தி எடு."

"எதுக்குங்க மாமா? அங்க போயும் மண்ணுலதான நிக்கப்போகுது?"

"எடுத்துட்டு வா, அப்புறம் சொல்றேன்."

முக்கால் மணி நேரம் ஆனது. செயினின் இடுக்குகளில் காய்ந்த மண்ணும் ஜல்லியும் இறுகிப்போய் இருந்தது. பெயர்த்து எடுத்ததை ஒரு மூட்டையாகக் கட்டியிருந்தால் பையனால் தூக்கியிருக்க முடியாது. அந்த நேரத்தில் மாமா ட்ரெய்லரின் தளத்தைக் கூட்டி, எண்ணெய் சிந்திய இடத்தில் மணல் போட்டுத் தேய்த்து வாரிவிட்டு, செயின் உட்காரப்போகும் இரண்டு வரிசையிலும் பழைய மரப்பலகைகளைப் பரப்பினார். இரும்பின் மேல் இரும்பு சறுக்கும். இரும்பின் மேல் மரம் சறுக்காது. நடுவில் மண்ணும் எண்ணெயும் இருந்தால் எதுவும் சறுக்கும். அவருடைய உராய்வுப் பாடம் அவ்வளவுதான். பத்து மார்க்குக்கு இது போதாது என்பது வேறு விஷயம்.

ஏற்றுவதைப் பார்க்க வேண்டும். பின்னால் இரண்டு ரேம்ப் இறக்கப்பட்டது. ஆபரேட்டர் மிஷினை நேராக நிறுத்தி, மெதுவாக ஏற்ற ஆரம்பித்தார. ரேம்ப்பின் உச்சியில் ஒரு கணம் வரும். மிஷினின் பாதி மேலே, பாதி அந்தரத்தில். அப்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், பிறகு 'டொம்'மென்று தளத்தில் சாயும். அனுபவம் உள்ள ஆபரேட்டர் பக்கெட்டைத் தளத்தின் மேல் ஊன்றி, கையை ஊன்றி உட்காருகிற கிழவர் மாதிரி மெல்ல இறக்குவார். அந்த நேரத்தில் பக்கவாட்டில் நின்று 'வா வா' என்று கை காட்டிக்கொண்டிருந்த குவாரி ஆள் ஒருவரை மாமா சத்தம் போட்டு விரட்டினார். மிஷின் ரேம்ப்பிலிருந்து நழுவினால் பக்கவாட்டில்தான் விழும். அங்கே நிற்பவருக்கு ஓட நேரம் இருக்காது.

ஏறிய பிறகும் மாமா திருப்தி ஆகவில்லை. வண்டியைச் சுற்றி வந்து கமான் பட்டைகளைப் பார்த்தார். ஓர் அடி முன்னால் போகச் சொன்னார். பிறகு அரை அடி பின்னால். எடை ரொம்பப் பின்னால் போனால் இழுக்கிற வண்டியின் மேல் பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும், சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். ரொம்ப முன்னால் வந்தால் அந்த அச்சில் பாரம் ஏறிவிடும். இதற்கு அவர் எந்த அளவுகோலும் வைத்திருக்கவில்லை. பட்டை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதுதான் அவருடைய தராசு.

பிறகு மேல் பாகத்தைச் சுழற்றி கையைப் பின்பக்கம் திருப்பி, மடக்கி, பக்கெட்டை ஒரு மரக்கட்டையின் மேல் அழுத்தி வைத்தார்கள். மேல் பாகம் தானாகச் சுழலாதபடி பூட்டும் பின் போட்டார்கள். இந்தப் பின் போட மறந்து, வளைவில் கை திரும்பி எதிரே வந்த வண்டியில் இடித்த கதைகள் எந்த லோ பெட் டிரைவரைக் கேட்டாலும் ஒன்றாவது கிடைக்கும். எஞ்சின் மூடி, கேபின் கதவு, டீசல் மூடி எல்லாவற்றையும் பூட்டியாயிற்று.

கடைசியாக மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்தார். இரண்டு செயினும் முடிகிற இடத்தில், முன்னாலும் பின்னாலும், தளத்தின் மேல் ஒரு கோடு போட்டார். மொத்தம் நாலு கோடு. பையன் கேட்டதற்கு "அது அப்புறம்" என்றார்.

சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார். "டிரைவரே, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு சங்கிலி போட்டுக் கிளம்புங்க. இருபது டன் சாமான் எங்க போயிடப்போகுது?"

"சார், அது எங்கயும் போகாதுங்க. நான் பிரேக் அடிச்சா வண்டி நிக்குது. அதுக்கு யாருங்க பிரேக் அடிக்கிறது?"

சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மாமா போட்டது ஐந்து சங்கிலி. நாலு மூலைக்கு நாலு, பக்கெட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 13 மில்லிமீட்டர் கனம். மிஷினில் கட்டுவதற்கென்றே இருக்கிற துளைகளில்தான் கொக்கி மாட்டினார். செயினின் மேலேயோ ஹைட்ராலிக் குழாய் போகிற வழியிலோ மாட்டவில்லை. முன்னால் இரண்டும் முன்பக்கமாக இழுத்து, பின்னால் இரண்டும் பின்பக்கமாக இழுத்து. பையனுக்கு இங்கே ஒரு சந்தேகம்.

"மாமா, பிரேக் அடிச்சா மிஷின் முன்னாலதான வரும்? அப்ப முன்னால இருக்கற சங்கிலிதான தடுக்கும்?"

"நாயைக் கட்டிப் பாத்திருக்கியா? முன்னால பாஞ்சா கயிறு எந்தப் பக்கம் இழுக்குது?"

அதாவது முன்னால் போகாமல் தடுப்பது பின்னால் இழுக்கிற சங்கிலி. கேட்டால் சின்ன விஷயம். ஆனால் அன்றிரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டபோதுதான் அவனுக்கே அது முழுதாகப் புரிந்தது.

அந்தக் கணக்கு இதுதான். அமெரிக்காவில் இதற்கென்று விதி இருக்கிறது. பிரேக் அடிக்கும்போது முன்பக்கமாக, சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை வரும் என்று வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். பக்கவாட்டிலும் பின்பக்கமும் பாதிப் பங்கு. பத்தாயிரம் பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் நாலரை டன்னுக்கு மேல் எடையுள்ள இயந்திரம் என்றால் குறைந்தது நாலு கட்டு. தோண்டும் கையை முழுவதும் இறக்கித் தனியாகக் கட்ட வேண்டும். மாமா அமெரிக்க விதியைப் படித்தவர் இல்லை. ஆனால் ஐந்து சங்கிலி என்ற எண்ணிக்கை அப்படியே பொருந்துகிறது.

இருபது டன்னுக்குப் பத்தில் எட்டு என்றால் பதினாறு டன். இதில் இரும்பின் மேல் இரும்பு உராய்வு எடையில் ஐந்தில் ஒரு பங்கு பிடித்தால் அது நாலு டன்னைப் பார்த்துக்கொள்ளும். பலகை போட்டு அது இரண்டு மடங்கு ஆனால் எட்டு டன். மீதி எட்டு டன்னை சங்கிலி தாங்க வேண்டும். நல்ல தரத்து 13 மில்லிமீட்டர் சங்கிலி பத்து டன் வரை இழுத்துப் பிடிக்கும். ஆனால் அது தரையோடு படுத்து நேராக இழுத்தால்தான் பத்து. 45 டிகிரியில் சாய்ந்து இழுத்தால் ஏழுதான் வேலைக்கு ஆகும். 60 டிகிரி என்றால் பாதி, ஐந்து. பின்னால் இரண்டு சங்கிலி 45 டிகிரியில் இருந்தால் பதினாலு டன், தாராளம். சூப்பர்வைசர் சொன்ன மாதிரி பின்னால் ஒன்றே ஒன்று என்றால்? ஏழு. தேவை எட்டு. பலகையும் இல்லாமல் போயிருந்தால் தேவை பன்னிரண்டு.

இருபது டன் எங்கே போகும் என்றால், கேபினுக்குள் போகும்.

சங்கிலியை முறுக்குவதற்கு மாமா வைத்திருப்பது ராட்செட் பைண்டர், டக் டக் என்று பல் பல்லாக இறுகுவது. முன்பு நெம்புகிற கைப்பிடி உள்ளதைத்தான் வைத்திருந்தாராம். அதில் கூடுதல் பலத்துக்கு ஒரு பைப்பைச் செருகி அழுத்துவார்கள். கை நழுவினால் அது திருப்பி அடிக்கும். மாமாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் கிணற்று மேட்டில் விழுந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்...

ஒன்பதரைக்குக் கிளம்பினார்கள். மிஷினின் அகலம் 2.8 மீட்டர். நம் ஊர் விதிப்படி சாதாரண சாலை வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதனால் அனுமதிக் காகிதம், இரண்டு பக்கமும் சிவப்புத் துணி, மேலே விளக்கு. ஓவர்லோடுக்கு 2019-ல் திருத்திய சட்டப்படி இருபதாயிரம் ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம். காகிதம் எல்லாம் சரியாக வைத்திருப்பார் மாமா. "எத்தனையோ செக்போஸ்ட்ல நின்னுருக்கறேன் மாப்ள. எடை கேட்டுருக்காங்க, ஆர்சி கேட்டுருக்காங்க. சங்கிலிய இழுத்துப் பாத்தவங்க ஒருத்தர் இல்ல."

இப்படிப்பட்ட லோடுகளை யாரும் கவனிப்பதும் இல்லை. வந்தவாசி பக்கம் கொரக்கோட்டையிலிருந்து விஷ்ணு சிலைக் கல்லை 240 சக்கர வண்டியில் வைத்து, 2018 கடைசியில் கிளப்பி 2019 நடுவில் பெங்களூர் கொண்டுபோய்ச் சேர்த்தபோது வழியெல்லாம் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. இருபது டன் பொக்லைனுக்குக் கூட்டம் வராது. தினமும் போகிறது.

தருமபுரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். ஐம்பது கிலோமீட்டர்கூட ஆகவில்லை. மாமா ஸ்டீயரிங்கில் இருந்தபடியே சொன்னார்.

"மாப்ள, இறங்கி ஒரு சுத்து சுத்தி கட்டு எப்படி இருக்குன்னு பாரு."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பையன் இறங்கினான், வண்டியின் ஒரு பக்கமாக நடந்தான், நடந்துகொண்டே பார்த்தான். சங்கிலி இருந்த இடத்தில் இருந்தது. திரும்பி வந்து "இருக்குங்க மாமா" என்றான்.

மாமா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். பின்பக்க வலது சங்கிலியைக் கையால் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. நன்றாகவே ஆடியது. இன்னொன்றும் லேசாகத் தளர்ந்திருந்தது.

யாரும் அவிழ்க்கவில்லை. பைண்டரும் கழலவில்லை. நடந்தது இவ்வளவுதான்: இருபது டன் எடை ஐம்பது கிலோமீட்டர் குலுங்கியதில் பலகைகள் நசுங்கி உட்கார்ந்திருந்தன, சங்கிலியின் வளையங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தி நீண்டிருந்தன. ஒரு விரற்கடை உயரம் குறைந்தால் போதும், இறுக்கமெல்லாம் போய்விடும். அமெரிக்க விதியிலும் முதல் ஐம்பது மைலுக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும், அதன்பிறகு மூன்று மணி நேரத்துக்கு அல்லது 150 மைலுக்கு ஒருமுறை என்று இருப்பது இதனால்தான். புதிதாகக் கட்டிய கட்டுதான் சீக்கிரம் தளரும்.

இரண்டு பேரும் சேர்ந்து ஐந்தையும் மறுபடி இறுக்கினார்கள். பையன் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். டீ வந்தது. மாமா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேச ஆரம்பித்தார்.

1996. மாமாவுக்கு அப்போது 17 வயது. இரும்புக் குழாய் ஏற்றிய லாரி. ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும், எல்லோருக்கும் அவர் 'பெரிய டிரைவர்'. சோறு வாங்கினால் முதலில் கிளீனருக்கு வைத்துவிட்டுத்தான் தனக்குப் போட்டுக்கொள்வாராம். ஒசூர் தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தி, கட்டைப் பார்க்கச் சொன்னார். ராத்திரி இரண்டு மணி, மழைத் தூறல். மாமா இறங்கி, டயரில் காலை வைத்து ஒன்றுக்குப் போய்விட்டு, ஏறி வந்து சொன்னது ஒரே வார்த்தை.

"என்ன சொன்னீங்க மாமா?"

"இருக்குங்ணான்னு சொன்னேன்."

கால் மணி நேரத்தில் குறுக்கே ஒரு மாடு. பெரிய டிரைவர் பிரேக்கை மிதித்தார். லாரி நின்றது. குழாய்கள் நிற்கவில்லை. மாமா அந்த நேரம் கிளீனர் பக்கம் கீழே குனிந்து பீடிக் கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அதனால் இருக்கிறார்.

"அக்காவுக்குத் தெரியாது. யாருக்கும் சொன்னதில்ல. கேஸ்ல கயிறு பழசுன்னு எழுதிட்டாங்க. கயிறு பழசுதான். ஆனா தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். அதன்பிறகு தொப்பூர் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

தொப்பூர் கணவாய் தெரியாத லாரி டிரைவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. தருமபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் இறக்கம், வளைவு, மறுபடி இறக்கம். 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று இங்கேதான் வரிசையாக நின்ற கார்களின் மேல் மோதி நாலு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடி நாலு பேர். பத்திரிகையில் வந்தவை இவை. வராதவை எத்தனையோ.

காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். வண்டி தானாக ஓடும். ஆனால் பிடித்து நிறுத்துகிற வேலை முழுவதும் பிரேக் தலையில் விழும். இதையும் ஒரு கணக்காகப் பார்க்கலாம். வண்டி, ட்ரெய்லர், மிஷின் எல்லாம் சேர்த்து 40 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகிற சக்தி, ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வரும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம். எஞ்சின் கியரில் இருந்து எக்ஸாஸ்ட் பிரேக்கும் போட்டிருந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அந்த ஒரு லிட்டர் டீசலையும் பிரேக் டிரம்முக்குள் ஊற்றிக் கொளுத்தியது மாதிரி. டிரம் பழுக்கும், விரியும், லைனிங் வழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் மிதித்தால் மிதி மட்டும் உள்ளே போகும், வண்டி நிற்காது. மிச்சம் பிடித்தது எவ்வளவு? அதே ஒரு லிட்டரில் ஏதோ ஒரு பங்கு.

மாமா இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டார். எந்த கியரில் இந்த மேட்டை ஏற வேண்டுமோ அந்த கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். முப்பதுக்கும் கீழேதான் வேகம். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டே தாண்டிப் போயின.

பாதி இறக்கத்தில் அது நடந்தது. தாண்டிப் போன ஒரு கார் இடது பக்கம் வெட்டி, முன்னால் வந்து, என்ன காரணமோ தெரியாது, அப்படியே பிரேக் அடித்து நின்றது. பின் கண்ணாடியில் ஒரு குழந்தை இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. அதுதான் பையனுக்கு ஞாபகம் இருக்கிறது. மாமா முழு பிரேக்கையும் மிதித்தார். காற்று சீறியது. பின்னால், கேபினுக்கு வெளியே, இரும்பு முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அதோடு மரம் விரிசல் விடுகிற 'படக்'. பையன் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தது எதற்கு என்று அவனுக்கே அப்போது தெரியவில்லை.

வண்டி நின்றது. காருக்கும் பம்பருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது. கார்க்காரர் ஒரு கையை வெளியே நீட்டி 'ஸாரி' மாதிரி ஏதோ ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடிவாரத்தில் அகலமான ஓரம் பார்த்து நிறுத்தினார்கள். இந்த முறை மாமா சொல்வதற்கு முன்பே பையன் இறங்கிவிட்டான். கை நடுங்கியது. ஒவ்வொரு சங்கிலியையும் பிடித்து ஆட்டினான், ஒவ்வொரு கொக்கியையும் விரலை விட்டுப் பார்த்தான். பின்னால் இரண்டும் வீணைத் தந்தி மாதிரி முறுக்கேறி நின்றன. முன்னால் இரண்டும் கொஞ்சம் தொங்கின. இடது வரிசையில் ஒரு பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. செயினின் பல் அதில் அரை அங்குலம் இறங்கியிருந்தது.

அப்போதுதான் சாக்பீஸ் கோடு ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தான். முன்னால் இருந்த கோடுகள் தெரியவில்லை, செயின் அவற்றின் மேல் ஏறியிருந்தது. பின்னால் கோட்டுக்கும் செயினுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. இருபது டன் ஒரு விரல் அளவு நகர்ந்திருந்தது.

"எவ்வளவு மாப்ள?"

"ஒரு விரல் இருக்குங்க மாமா. பின்னால ரெண்டும் டைட்டா இருக்குதுங்க. முன்னால ரெண்டையும் இறுக்கணும். வலது பக்கம் கொக்கி சரியா இருக்கு, இடது பக்கமும் பாத்துட்டேன். பக்கெட் சங்கிலியும் பாத்துட்டேன்."

"தொட்டுப் பாத்தியா?"

"தொட்டுப் பாத்தேங்க."

மாமா தானும் ஒரு சுற்று சுற்றி வந்தார். எல்லாவற்றையும் மறுபடி தொட்டுப் பார்த்தார். அவன் சொன்னதை நம்பாமல் இல்லை, அது அவர் வழக்கம். பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்திலேயே புதிதாக நாலு கோடு போட்டார்.

சேலத்தைத் தாண்டி இறக்குமிடம் போய்ச் சேரும்போது மணி நாலு. மதியத்துக்குள் வர வேண்டிய மிஷின். அந்த சைட் இன்ஜினியர் காத்திருந்து கடுப்பாகியிருந்தார். வாடகையில் ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். மாமா அதற்குக் கொஞ்சம் சண்டை போட்டார், கிடைக்கவில்லை. தொப்பூரில் நடந்ததை அவர் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஐந்நூறு திரும்பி வந்திருக்காது.

மிஷின் மெல்ல இறங்கி, காத்திருந்த மண்ணுக்குள் ஊர்ந்து போனது. பையன் ஐந்து சங்கிலியையும் துடைத்து, வளையம் வளையமாகத் திருப்பிப் பார்த்து, பெட்டியில் அடுக்கினான். பிளந்த பலகையைத் தனியாக எடுத்து வைத்தான். காலியான தளத்தில் எட்டு வெள்ளைக் கோடுகள் மட்டும் இருந்தன, நாலும் நாலும், ஒரு விரல் இடைவெளியில்.

"தண்ணி ஊத்திக் கழுவி விட்டுரு மாப்ள" என்றார் மாமா. "அடுத்த லோடுக்குப் புதுசா போடணும். இது இருந்தா குழப்பும்."